ஏப்ரல் வெயிலில் முடிவு எடுக்க வேண்டாம்

அன்புள்ள ஆலோசகருக்கு,

பணி ஓய்வுக்குப் பிறகு நானும் கணவரும் தன்னார்வலர்களாக வட கானாவுக்கு வந்திருக்கிறோம். தமாலே நகரத்தைத் தாண்டி ஒரு சிற்றூர். நான் திருச்சியில் கணித ஆசிரியையாக இருந்தவள். அவர் மின்சாரப் பணியில் இருந்தவர், இங்கே சுகாதார நிலையத்தின் சோலார் கருவிகளைப் பார்த்துக்கொள்கிறார்.

ஜனவரியில் வந்தபோது ஹர்மட்டான் காற்று வீசியது. எங்கும் புழுதிதான், ஆனால் இரவில் போர்வை தேவைப்பட்டது. சந்தோஷமாகத்தான் இருந்தேன். மார்ச் பிறந்ததும் எல்லாம் மாறிவிட்டது. திருச்சி வெயிலைப் பார்த்தவளுக்கு இது என்ன என்று நினைத்திருந்தேன். தகரக் கூரை வீட்டில், கரண்ட் போன இரவில், தூக்கமே இல்லை. கண்ணயர்ந்தாலும் பயங்கரமான கனவுகள். காரணமில்லாமல் நெஞ்சு படபடக்கிறது. பாக்கெட்டில் வரும் தண்ணீரைக்கூடக் காய்ச்சித்தான் குடிக்கிறேன்.

பள்ளியில் இன்னும் எனக்குத் தனி வகுப்பு தரவில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கிறேன். நான் சைவம், எந்தக் குழம்பிலும் மீன் தூள். கடைக்குப் போனால் வழியில் பத்துப் பேருக்கு வணக்கம் சொல்லி, வீடு, தூக்கம், வேலை எல்லாம் விசாரித்துத்தான் நகர முடிகிறது. அவரோ எல்லோருடனும் சிரித்துப் பேசுகிறார். அதைப் பார்த்தாலே எரிச்சல் வந்து சண்டை போடுகிறேன். வாரம் ஒரு மலேரியா மாத்திரை தவிர நான் வேறு மருந்து எடுப்பதில்லை (அவருக்கு வேறு மாத்திரை, தினமும் போடுவது).

திரும்பிவிடலாமா? “இந்த வயசில் எதுக்கும்மா” என்று தடுத்த பிள்ளைகள் முகத்தில் எப்படி விழிப்பேன்?

— ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

திரும்புவதா வேண்டாமா என்பதை இப்போது பேச வேண்டாம். கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் சொன்ன அந்த மாத்திரையிலிருந்து தொடங்குகிறேன்.

அட்டையில் என்ன பெயர் இருக்கிறது என்று பாருங்கள். வாரம் ஒருமுறை போடும் மலேரியா தடுப்பு மாத்திரை பெரும்பாலும் மெஃப்லோகுவினாக இருக்கும். கெட்ட கனவு, தூக்கமின்மை, படபடப்பு, மனச்சோர்வு இவையெல்லாம் அதன் பக்கவிளைவுகளாக நன்கு அறியப்பட்டவை. 2013-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இதற்குத் தன் மிகக் கடுமையான எச்சரிக்கையை விதித்தது. உங்கள் மாத்திரை அதுவாக இருந்தால், உங்களை வாட்டுவதில் ஒரு பெரும் பங்கு உங்கள் மனசுடையதே அல்ல. ஆனால் அதை நிறுத்திவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள், அங்கே வருடம் முழுக்க மலேரியா உண்டு. உடனே மருத்துவரிடம் கனவையும் படபடப்பையும் சொல்லி வேறு மருந்துக்கு மாறுங்கள். டாக்ஸிசைக்ளின் போல மாற்று இருக்கிறது. வாழ்வே வேண்டாம் என்ற நினைப்பு எப்போதாவது வந்தால், அன்றைக்கே கணவரிடம் சொல்லி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

அடுத்தது வெயில். திருச்சிக்காரி என்பதால் தாங்க வேண்டும் என்று உங்களை நீங்களே நெருக்குகிறீர்கள். வெயிலுக்கு உடம்பு பழகுவது ஊரால் வருவதல்ல. சில வாரம் குளுமையில் இருந்தாலே அந்தப் பழக்கம் போய்விடும், ஹர்மட்டான் காலத்தில் போர்வைக்குள் தூங்கியவர் நீங்கள். மார்ச்சும் ஏப்ரலும்தான் அங்கே ஆண்டின் மிகக் கொடிய மாதங்கள், பகலில் 40 டிகிரியை நெருங்கும். பகலெல்லாம் சூடேறிய சிமென்ட் சுவர் இரவு முழுக்க அந்தச் சூட்டை விட்டுக்கொண்டே இருக்கும். அக்கம்பக்கத்தார் முற்றத்தில் பாய் போட்டுப் படுப்பதைக் கவனித்திருப்பீர்களே? நீங்களும் கொசுவலை கட்டி வெளியே படுங்கள். ஈரத்துணி போர்த்துவது மார்ச்சின் வறண்ட காற்றில் நன்றாக வேலை செய்யும், மழை நெருங்கிக் காற்றில் ஈரம் ஏறியதும் அவ்வளவாக உதவாது. காலை வேலையை வெயில் ஏறுமுன் முடித்து, மதியம் படுத்துவிடுங்கள். தூங்காத மனிதருக்கு யார் சிரித்தாலும் எரிச்சல்தான் வரும். கணவருடன் சண்டை வருவதை அவர் மீதான வெறுப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

புது நாட்டின் பழக்கவழக்கங்களுக்கு நடுவே மனசு தடுமாறுவதைக் கலாச்சார அதிர்ச்சி என்பார்கள். அது பற்றி 1960-ல் எழுதிய மானிடவியலாளர் கலெர்வோ ஓபெர்க், அதன் அறிகுறிகளில் குடிநீர் பற்றிய அளவுமீறிய கவலையையும் தாமதங்கள் மீது பொங்கும் கோபத்தையும் சேர்த்திருக்கிறார். புதிதாக வந்த சந்தோஷம் வடிந்த பிறகுதான் இது தலைகாட்டும் என்பதும் அவர் சொன்னதே. பல வருடங்களாகத் தன்னார்வலர்களிடம் பேசிவருகிறேன், இந்தப் பள்ளத்தில் இறங்காதவர்கள் குறைவு. கணவருக்கு முதல் நாளே கையில் வேலை கிடைத்தது. கருவி பழுதானால் அவரைத் தேடி ஆள் வருகிறது. முப்பது வருடம் கரும்பலகை முன் நின்றிருக்கக்கூடிய உங்களைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தால் வலிக்காமல் எப்படி இருக்கும்? அந்த வலி நியாயமானது. தலைமையாசிரியரிடம் போய், வாரத்தில் சில பீரியட், இன்னொரு ஆசிரியருடன் சேர்ந்து எடுக்கிறேன் என்று நீங்களே கேளுங்கள்.

வழியில் நலம் விசாரிப்பதை மட்டும் குறைக்காதீர்கள். அந்தப் பகுதியில் வாழும் தகோம்பா மக்களிடம் அது நேர விரயம் ஆகாது. காலையில் யாராவது “தெசிபா” (காலை வணக்கம்) என்று சொன்னால் “நா” என்று பதில் சொல்லுங்கள், பெரியவர் முன் சற்றுக் குனியுங்கள், எதைக் கொடுத்தாலும் வலது கையால் கொடுங்கள். வகுப்பு கிடைக்கும் வரை ஊர் உங்களை அறிந்துகொள்ளும் இடம் அந்தத் தெருதான். சாப்பாட்டுக்கு, அரிசியும் தட்டைப்பயறும் சேர்த்து வேகவைத்த வாச்சே காலையில் தெருவிலேயே கிடைக்கும். மேலே ஊற்றும் காரக் குழம்பில் மீன் இருக்கும், வெறும் வாச்சேயாகக் கேளுங்கள்.

மே மாதம் மழை தொடங்கும். நிம்மதியாகத் தூங்கத் தொடங்கிச் சில வாரங்கள் ஆன பிறகு, கணவருடன் உட்கார்ந்து பேசுங்கள். அப்போதும் ஊருக்குப் போக வேண்டும் என்று தோன்றினால் போங்கள். “போய்ப் பார்த்தேன், எனக்கு ஒத்துவரவில்லை” என்று பிள்ளைகளிடம் சொன்னால் போதும், அவர்களுக்கு வேண்டியது நீங்கள் நலமாக இருப்பதுதான். மாத்திரை விஷயத்தை மட்டும் நாளைக்கே பார்த்துவிடுங்கள், மருத்துவர் சொன்னதை எனக்கும் எழுதுங்கள்.