கிட் இருக்கட்டும், முதலில் ஃபைல் யார் கணக்கில் இருக்கிறது?

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். மேலூர் வட்டாரக் கண்மாய்களைப் பற்றி ஒரு நூல் எழுதிவருகிறேன். 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'நண்பர் திருத்தியது' என்று ஏகப்பட்ட ஃபைல்கள் சேர்ந்துவிட்டன. எது கடைசி என்று எனக்கே தெரியவில்லை. ஃபைலில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் வரலாறாகச் சேமித்துவைக்கும் 'கிட்' என்ற மென்பொருளைப் பழகச் சொல்கிறான் மகன். மதுரையில் டிடிபி செய்பவரோ, "கிட்ஹப், ஐஎஸ்பிஎன், காப்பிரைட் எல்லாம் சேர்த்து 18,000 ரூபாய். தேதியோடு பதிவாகிவிடும், யாரும் திருட முடியாது" என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் ஐயா. ஐஎஸ்பிஎன் என்னும் நூல் அடையாள எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகத்தான் தருகிறது. காப்பிரைட் பதிவுக்கு, எழுத்துப் படைப்பு என்றால் 500 ரூபாய். அதுவும் கட்டாயமில்லை, பதிந்தாலும் பதியாவிட்டாலும் எழுதியவருக்கே உரிமை என்பதுதான் 1957ஆம் ஆண்டுச் சட்டம். கிட்டில் வைத்த ஃபைல்களை இணையத்தில் சேமிக்கும் தளமான கிட்ஹப்பில் தனிக் களஞ்சியம் (பிறர் பார்க்க முடியாத சேமிப்பிடம்) வைத்துக்கொள்ளவும் 2019 முதல் காசு வாங்குவதில்லை. பிறகு எதற்கு 18,000? படிவத்தைத் தமிழில் போட்டு, நாலு வரியில் விளக்கம் வைத்தால் இந்தத் தரகு வேலைக்கே இடமிருக்காது. வைக்கத்தான் யாருக்கும் மனசு வரவில்லை.

அந்தத் 'தேதிப் பதிவு' கதையையும் நம்பாதீர்கள். கம்ப்யூட்டரின் தேதியைப் பின்னுக்குத் தள்ளிவைத்துச் சேமித்தால், கிட் அந்தப் பொய்த் தேதியையே எழுதிக்கொள்ளும். களஞ்சியத்தைத் தெரியாமல் பொதுவில் திறந்துவிட்டால் உங்கள் புத்தகம் ஊருக்கே இலவசம். அப்புறம் ஒரு அத்தியாயத்தை அழித்தாலும் பழைய வரலாற்றில் அது அப்படியே கிடக்கும்.

மகன் சொல்வது தப்பில்லை, உங்களுக்குப் பொருந்தாது, அவ்வளவுதான். லினக்ஸ் நிரல்களைப் பலர் சேர்ந்து எழுதுவதற்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் செய்த கருவி அது. வரிவரியாகப் பார்க்கும். வேர்டு ஃபைலோ சுருட்டிக் கட்டிய மூட்டை. 'மாறியிருக்கிறது' என்று சொல்லுமே தவிர, எந்தச் சொல் மாறியது என்று கிட் தானாகக் காட்டாது.

உங்களுக்கு கூகுள் டாக்ஸ் போதும். உங்கள் சொந்த ஜிமெயிலில் ஒரே ஃபைல். 'கோப்பு' மெனுவில் பதிப்பு வரலாறு இருக்கிறது. ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் 'நண்பர் பார்க்கும் முன்', 'புரூஃபுக்குக் கொடுத்தது' என்று அங்கே பெயர் வையுங்கள். திருத்தும் நண்பருக்குக் கருத்துச் சொல்லும் அனுமதி மட்டும் கொடுங்கள். அவர் செய்யும் மாற்றம் பரிந்துரையாக நிற்கும். நீங்கள் ஏற்றால்தான் உள்ளே போகும். வாட்ஸ்அப்பில் ஃபைல் அனுப்புவதை இன்றோடு விடுங்கள்.

ஃபைலை டிடிபி கடைக்காரர் தன் கணக்கில் திறந்து உங்களுக்குப் பகிர்ந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நாளைக்குக் கூலியில் தகராறு வந்தால் சாவி அவர் கையில்.

கிட் உண்மையிலேயே உதவுகிற இடம் ஒன்று உங்கள் நூலிலேயே இருக்கலாம். கண்மாய்ப் பட்டியலைப் பின்னிணைப்பாகப் போடுகிறீர்களா? ஊர், கண்மாய், மடைகள், கலுங்கு என்று ஒரு கண்மாய்க்கு ஒரு வரி. அதை மூன்று நான்கு பேர் ஊர் ஊராகச் சரிபார்த்துத் திருத்துகிறார்கள் என்றால், வெறும் எழுத்துக் கோப்பாக வைத்துக் கிட்டில் போடலாம். எந்த மடையின் பெயரை யார் மாற்றினார், ஏன் மாற்றினார் என்பது வரிக்கு வரி நிற்கும். அதற்கான கிட்ஹப் கணக்கை மகன் திறந்து கொடுக்கட்டும்.

ஆனால் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளின் ஃபைலிலிருந்து, எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு மாற்றிய பட்டியல் என்றால் ஒரு தொல்லை உண்டு. கொட்டாம்பட்டியின் 'கொ'வை, கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். கிட்டுக்கு இரண்டும் வேறு. யாரும் தொடாத வரியையும் மாறியதாகக் காட்டும். போதாக்குறைக்கு, 'கௌ' என்பது 'கெ'யும் 'ள'வும் சேர்ந்த 'கெள' ஆக வந்து உட்கார்ந்திருக்கும். மகனிடம் சொல்லி எல்லாவற்றையும் ஒரே முறைக்கு மாற்றிவிட்டு, அதன்பின் கிட்டில் முதல் பதிவைப் போடுங்கள்.

யூனிகோடைத் தமிழக அரசு 2010லேயே ஏற்றாயிற்று. பேஜ்மேக்கர் 2001இல் 7ஆம் பதிப்போடு நின்றுபோன மென்பொருள். அதற்கு யூனிகோடே தெரியாது. இன்னும் அதில்தான் செய்வேன் என்கிற கடையில் வேலை கொடுக்காதீர்கள். இன்டிசைன் என்ற புதிய பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்பவர் என்றாலும், புரூஃபில் நீங்கள் போட்ட திருத்தம் அவர் பக்கத்தில் மட்டும் ஏறும், உங்கள் ஃபைலில் ஏறாது. இரண்டாம் பதிப்பில் பழைய பிழை திரும்ப முளைப்பது இப்படித்தான். புரூஃப் தாளைக் கொடுக்கும் அன்றே அதே திருத்தங்களை உங்கள் ஃபைலிலும் போட்டுவிடுங்கள். கடைசித் தவணைப் பணத்தைக் கொடுக்கும் முன் இன்டிசைன் ஃபைல், எழுத்துருக்கள், பிடிஎஃப் மூன்றையும் பென்டிரைவில் வாங்கி, வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள்.