துப்பாக்கி வேண்டாம், குக்கரோடு போங்கள்

தம்பி, நீங்கள் கேட்டதன் சுருக்கம் இதுதான்: கனடாவில், வட ஒண்டாரியோவின் டிமின்ஸ் ஊருக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. உங்கள் ஒர்க்‌ஷாப்பின் சீனியர் மெக்கானிக் அக்டோபரில் தன் குடும்பத்தோடும் கூட்டாளிகளோடும் ஒரு வாரம் மூஸ் (இங்கத்திய காட்டில் இருக்கும் பெரிய மான் இனம்) வேட்டைக்குப் போகிறார், உங்களையும் கூப்பிட்டிருக்கிறார். துப்பாக்கியைத் தொட்டதே இல்லை, ஒர்க் பெர்மிட்டில் இருக்கிறேன், அம்மாவுக்குத் தெரிந்தால் பதறுவார், போகலாமா?

போங்கள். நாளைக்கே சரி என்று சொல்லிவிடுங்கள். இந்த ஊர்க்காரர் தன் மகள் கல்யாணத்துக்குக்கூட உங்களைச் சுலபமாகக் கூப்பிட்டுவிடுவார், வேட்டைக் கேம்புக்கு அவ்வளவு லேசில் கூப்பிட மாட்டார். நான் இங்கே வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. எனக்கு அந்த அழைப்பு வர நாலு வருடம் பிடித்தது. உங்களுக்கு எட்டே மாதத்தில் வந்திருக்கிறதென்றால் அவருக்கு உங்களைப் பிடித்துப்போயிற்று என்று அர்த்தம்.

ஆனால் முதல் வருடம் சமையல்காரராகவும் சுமைகூலியாகவும் மட்டும் போங்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. ஒண்டாரியோ சட்டத்தில் வேட்டை என்றால் சுடுவது மட்டும் கிடையாது. பதுங்கிக் காத்திருப்பது, தேடுவது, தடம் பார்த்துப் போவது, துரத்துவது எல்லாமே வேட்டைதான், விலங்கு சாகாவிட்டாலும். லைசென்ஸ் இல்லாத நீங்கள் நல்ல எண்ணத்தில் புதரைத் தட்டி மூஸை அந்தப் பக்கம் விரட்டிவிட்டால், கையில் ஒரு குச்சிகூட இல்லாமலேயே குற்றம் செய்தவராகிவிடுவீர்கள். வனவிலங்கு அதிகாரிகள் காட்டுப் பாதையில் வண்டியை நிறுத்திச் சோதிப்பது இங்கே சாதாரணம். பெர்மிட்டில் இருக்கும் ஒருவருக்கு அந்தத் தலைவலி எதற்கு? அவர்கள் விடியலில் கிளம்பும்போது நீங்கள் கேம்பில் இருங்கள். மூஸ் விழுந்த பிறகு அறுப்பதற்கும் தூக்குவதற்கும் எந்தத் தடையும் இல்லை. உண்மையான வேலை தொடங்குவதும் அப்போதுதான்.

(கேம்ப் என்றதும் கூடாரத்தைக் கற்பனை செய்ய வேண்டாம். டொராண்டோக்காரர்கள் காட்டேஜ் என்பதை வட ஒண்டாரியோவில் கேம்ப் என்பார்கள். பெரும்பாலும் ஏரிக்கரையில் ஒரு மரவீடு, விறகடுப்பு, வெளியே கழிப்பறை.)

என்னைக் கூட்டிப்போனவர் என் பழைய ஃபோர்மன், பிரெஞ்சுக்காரர். அவர், அவருடைய இரண்டு தம்பிகள், மகள், எழுபத்தாறு வயது அம்மா, பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், அப்புறம் நான். டிமின்ஸிலிருந்து தார்ச்சாலை முடிந்து மரலாரி ஓடும் மண்சாலையில் இரண்டரை மணி நேரம். ஊரைத் தாண்டிய கொஞ்ச நேரத்திலேயே போனில் சிக்னல் போய்விட்டது.

மூன்றாம் நாள் காலை. வெளிச்சம் இன்னும் சரியாக வரவில்லை. வாசல் படியில் காபியோடு உட்கார்ந்திருந்தேன், ஏரியின் ஓரத்தில் மெல்லிய ஐஸ் கட்டியிருந்தது. எதிர்க்கரையிலிருந்து பசு முனகுவது மாதிரி நீளமாக ஒரு சத்தம் வந்தது. எங்கள் ஊரில் கன்றைத் தேடும் மாடு இப்படித்தான் கத்தும். அது அந்த மகள். பிர்ச் மரப்பட்டையைக் கூம்பாகச் சுருட்டி, அதில் வாய் வைத்து பெண் மூஸ் மாதிரி கூப்பிடுகிறாள். செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கம் அவற்றின் இணைசேரும் காலம், ஆண் மூஸ் அந்தக் குரலுக்கு வரும். கூப்பிட்டுவிட்டு இருபது நிமிடம் மௌனம். திரும்பவும் ஒரு முறை. அப்புறம் ஒரே ஒரு வெடிச்சத்தம். பக்கத்தில் ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்த பாட்டி கத்தியைக் கீழே வைத்துவிட்டு, இரண்டாவது சத்தம் வருகிறதா என்று காது கொடுத்தார். வரவில்லை. "நல்லது" என்று சொல்லிவிட்டு மறுபடி நறுக்க ஆரம்பித்தார்.

வாக்கிடாக்கியில் என்னைக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் முழங்கால் ஆழச் சேற்றில் விழுந்து கிடக்கிறது. முழு வளர்ந்த ஆண் மூஸ் நானூறு, ஐந்நூறு கிலோ இருக்கும். படத்தில் பார்த்துவிட்டு நம் ஊர் மான் அளவுதான் என்று நினைத்திருந்தேன். பக்கத்தில் நின்றபோது எருமைகூட இதற்கு முன்னால் சின்னதுதான் என்று தோன்றியது. ஆறு பேர் கயிறு கட்டி இழுத்தும் ஓர் அடி நகர்ந்தது, அவ்வளவுதான். அங்கேயே வயிற்றைக் கீறிக் குடலை எடுத்தார்கள். அடுத்து தோல். குளிர்தானே, மெதுவாகச் செய்யலாமே என்று கேட்டேன். ஃபோர்மன் என் கையைப் பிடித்துத் தொடைக்கும் தோலுக்கும் நடுவில் விட்டார். வெந்நீருக்குள் விட்டது மாதிரி இருந்தது. அந்தத் தோல் கம்பளிக்கும் மேல். அதை உரிக்காமல் விட்டால் வெளியே உறைபனி இருந்தாலும் இடுப்பெலும்பைச் சுற்றியுள்ள கறி உள்ளுக்குள்ளேயே கெட்டுப்போகும்.

நாலு காலும் தனித்தனியாக வந்தன. ஒரு பின்னங்கால் அறுபது கிலோ சுமார், கிட்டத்தட்ட என் எடை. ஏடிவி (காட்டுப் பாதையில் ஓடும் சின்ன நாலு சக்கர வண்டி) நின்ற இடத்துக்கு அறுநூறு மீட்டர், சமதரையில் இல்லை, பாசி மூடிய சதுப்பில். முதுகில் அதைக் கட்டிக்கொண்டு மூன்று நடை நடந்தேன். இரண்டாவது நடையில் கால் புதைந்து முகம் குப்புற விழுந்தேன், மேலே மூஸ் கால். என்னைத் தூக்கிவிடுவதற்கு முன் எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சாயங்காலம் பாட்டி கேம்புக்குப் பின்னால் தொங்கவிட்ட கறி முழுக்க மிளகுத்தூளைத் தேய்த்தார். பகலில் வெயில் ஏறினால் வரும் ஈ அண்டாமல் இருக்கவாம். கறிக்கு மிளகு என்று நான் பார்த்த முதல் கனடிய வீடு அதுதான்.

ஈரல் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மில் பலர் ஈரலுக்கு அலைபவர்கள். அன்றைக்கு அதை ஒரு சட்டியில் போட நான் கையை நீட்டினேன், மகள் தடுத்துவிட்டாள். மூஸின் ஈரலிலும் சிறுநீரகத்திலும் கேட்மியம் என்ற நச்சு உலோகம் சேர்ந்திருக்கும், சாப்பிடாதீர்கள் என்று மாகாண அரசே சொல்கிறது. நாக்கு, இதயம் எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். குண்டு பட்ட இடத்தைச் சுற்றி ஒரு கையகலம் வெட்டி எறிந்துவிடுங்கள், ஈயத்துணுக்கு இருக்கும்.

சமையலுக்கு வருவோம். மூஸ் கறியில் கொழுப்பு மிகக் கம்மி. ஆட்டுக்கறி நினைப்பில் வதக்கினால் செருப்புத்தோல் ஆகிவிடும். முதுகின் உட்புறக் கறியை அவர்கள் வெண்ணெயில் வெங்காயத்தோடு ஒரு புரட்டு புரட்டி அன்றிரவே சாப்பிடுவார்கள், அதில் கை வைக்காதீர்கள், அது அவர்கள் சடங்கு. உங்களுக்குத் தோள்கறியைக் கேட்டு வாங்குங்கள். நல்லெண்ணெய் தாராளமாக விட்டு, சின்ன வெங்காயம் கிடைக்காவிட்டால் சிவப்பு வெங்காயம், இஞ்சி பூண்டு, எட்டு விசில், அப்புறம் மிளகு சீரகம் போட்டுச் சுருள வதக்கினால் சுக்கா. நான் கொண்டுபோன குக்கர் முதல் விசில் அடித்தபோது பெரிய தம்பி மேசையை விட்டே எழுந்துவிட்டார். "காலையில் மட்டும் இதை அடிக்கவிடாதே" என்றார் ஃபோர்மன், பாதி விளையாட்டாக. மறுவருடம் அழைப்பு எனக்கு வந்ததா குக்கருக்கு வந்ததா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்.

அந்தக் கறியை விற்கவும் கூடாது, காசு கொடுத்து வாங்கவும் கூடாது, அன்பளிப்பாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம். நம் பொங்கல் விழாவில் மூஸ் பிரியாணி டிக்கெட் போடலாமா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். தயவுசெய்து வேண்டாம்.

இனி, பயப்பட வேண்டியது. கரடியை நினைத்துப் பயப்படாதீர்கள், வழி தவறுவதற்குப் பயப்படுங்கள். இரண்டாம் வருடம் நான் சிறுநீர் கழிக்கப் பாதையை விட்டு முப்பது அடி உள்ளே போனேன். திரும்பினால் நாலு பக்கமும் ஒரே ஸ்புரூஸ் மரம், ஒரே பாசி, மேகம் மூடி சூரியனும் இல்லை. இந்தப் பக்கம்தான் என்று நிச்சயமாக நம்பி நடந்தேன். நாற்பது நிமிடம். கடைசியில் லாரி ஹார்ன் கேட்டது, என் முதுகுக்குப் பின்னால்! நான் நேர் எதிராகப் போய்க்கொண்டிருந்திருக்கிறேன். அன்று முதல் கழுத்தில் விசில், சட்டைப் பையில் காம்பஸ், தீப்பெட்டி. தொலைந்துவிட்டோம் என்று தெரிந்த கணமே நின்றுவிட வேண்டும், நடக்கவே கூடாது. உடைக்குப் பருத்தி வேண்டாம், ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம், நனைந்தால் காயாது. கம்பளி வாங்குங்கள். அப்புறம் ஆரஞ்சு. வேட்டைக்காரர் தலையில் ஆரஞ்சுத் தொப்பியும் இடுப்புக்கு மேல் குறைந்தது 400 சதுர அங்குலம் ஆரஞ்சு உடையும் போட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். நீங்கள் வேட்டைக்காரர் இல்லைதான், ஆனாலும் விறகெடுக்கப் போனால்கூடப் போட்டுக்கொண்டு போங்கள்.

உண்மையைச் சொன்னால் மூஸால் உங்களுக்கு ஆபத்து காட்டில் இல்லை, ரோட்டில்தான். நீங்கள் நைட் ஷிப்ட் முடிந்து 101-ஆம் நெடுஞ்சாலையில் ஓட்டுகிறீர்கள் இல்லையா? மூஸின் கண் நம் ஹெட்லைட் வெளிச்சத்துக்கு மேலே இருக்கும், மான் கண் மாதிரி மினுக்காது. நிறமோ கறுப்பு. மோதினால் கால் மட்டும் முறியும், உடம்பு கண்ணாடி வழியாக நம் மடியில் விழும். இருட்டில் வேகத்தைக் குறையுங்கள்.

பிடித்துப்போய் நீங்களும் வேட்டையாட ஆசைப்பட்டால், குடியுரிமை தேவையில்லை. ஒண்டாரியோவைச் சொந்த வசிப்பிடமாகக் கொண்டு, கடந்த 12 மாதத்தில் தொடர்ந்து 6 மாதம் இங்கே இருந்தால் போதும். துப்பாக்கிப் பாதுகாப்பு வகுப்பு, வேட்டைப் பயிற்சி வகுப்பு இரண்டும் தனித்தனிப் பரீட்சை. துப்பாக்கி உரிமத்துக்கு முதல் முறை விண்ணப்பிப்பவருக்கு 28 நாள் கட்டாயக் காத்திருப்பு, நடைமுறையில் அதைவிடக் கூடுதலாகவே ஆகும். கல்யாணம் ஆகியிருந்தால் மனைவிக்கும் தகவல் போகும், மறைத்து வாங்க முடியாது. எல்லாம் கிடைத்தாலும் மூஸ் டேக் (ஒரு மூஸைச் சுடுவதற்கான அனுமதிச் சீட்டு) உடனே கிடைக்காது. 2021 முதல் புள்ளிக் கணக்கு. கிடைக்காத ஒவ்வொரு வருடமும் புள்ளி சேரும், அதிகம் சேர்த்தவருக்கு முன்னுரிமை. நான் கடைசியாகக் கட்டியபோது விண்ணப்பம் 15 டாலர், லைசென்ஸ் 35, ஆண் மூஸ் டேக் 200. அதனால்தான் குழுவாகப் போகிறார்கள்: ஒருவர் டேக்கில், லைசென்ஸ் உள்ள அந்தக் குழுவே வேட்டையாடலாம், அதற்கும் தூரக் கணக்கு உண்டு. உங்கள் மெக்கானிக் குடும்பம் அந்த ஒரு டேக்குக்காக எத்தனை வருடம் காத்திருந்தது என்று கேட்டுப் பாருங்கள், அந்த வாரத்தின் மதிப்பு புரியும்.

கேம்பில் இரண்டு பீர் உள்ளே போனதும் யாராவது, "பூர்வகுடிகளுக்கு மட்டும் டேக் வேண்டாமாம்" என்று புலம்பக்கூடும். தலையாட்டாதீர்கள். 1905-06இல் அரசும் அவர்களும் கையெழுத்திட்ட ஒன்பதாம் ஒப்பந்தத்தில் அவர்களுக்கு எழுதித் தந்த உரிமை அது. இந்த நிலம் முழுக்க அந்த ஒப்பந்த நிலம், மூஸ் என்ற பெயரே அவர்கள் மொழிக் குடும்பத்திலிருந்து வந்ததுதான். நேற்று வந்த நாம் அதில் கருத்துச் சொல்ல என்ன இருக்கிறது? சுக்கா இன்னும் வேண்டுமா என்று கேட்டுப் பேச்சை மாற்றிவிடுங்கள், நான் அப்படித்தான் செய்கிறேன்.

அம்மா விஷயம். நம் ஊரில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்றாலே ஜெயில்தான் நினைவுக்கு வரும், அவர் பதறுவது நியாயம். நான் என் அம்மாவிடம் முதல் வருடம், "ஆபீஸ்காரர்களோடு பிக்னிக், நான்தான் சமையல்" என்று சொன்னேன். பொய் இல்லையே. மூன்றாம் வருடம் படம் அனுப்பினேன். அவர் கேட்டது ஒன்றுதான்: இவ்வளவு கறியை எதில் வைத்திருக்கிறாய்?

அதுவும் சரியான கேள்வி. உங்கள் பங்கு பதினைந்து கிலோவாவது வரும், வாடகை வீட்டு ஃபிரிட்ஜின் மேல்தட்டில் அடங்காது. செகண்ட் ஹாண்டில் ஒரு சின்ன ஃப்ரீசரை இப்போதே தேடுங்கள், அக்டோபர் வந்தால் ஊரே தேடும். கறிவேப்பிலைக்கு டொராண்டோவிலிருந்து வருபவர் யாரிடமாவது சொல்லி வைத்துவிடுங்கள்.