40 கட்டங்களுக்குள் 42 பாடவேளைகள்: கால அட்டவணை பற்றிய வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் உயர்நிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை, வகுப்புக்கு இரண்டு வீதம் 10 பிரிவுகள். நாளுக்கு 8 பாடவேளைகள், வாரத்துக்கு 5 நாள்கள். இந்த ஆண்டு அட்டவணை போடும் பொறுப்பு என்னிடம் வந்துள்ளது. கணிதத்துக்கு வாரம் 7 பாடவேளைகள். மூத்த கணித ஆசிரியர் உதவித் தலைமையாசிரியர் பணியையும் பார்ப்பதால் அவருக்கு 4 பிரிவுகளும், இளையவருக்கு 6 பிரிவுகளும் ஒதுக்கினோம். நான்கு இரவுகள் அழித்து அழித்து எழுதியும் கடைசியில் இரண்டு கட்டங்கள் இடித்துக்கொண்டே நிற்கின்றன. எங்கே தவறுகிறேன்?
– பட்டதாரி ஆசிரியை, விழுப்புரம் மாவட்டம்

பதில்: தவறு உங்கள் பென்சிலில் இல்லை, ஒதுக்கீட்டில் இருக்கிறது. 6 பிரிவுகளுக்கு 7 வீதம் 42 பாடவேளைகள் ஆகின்றன. வாரத்தில் இருப்பதோ 40. இடிக்கும் அந்த இரண்டு கட்டங்கள் நாற்பது இரவுகள் விழித்தாலும் இடித்துக்கொண்டுதான் இருக்கும். அட்டவணைத் தாளைத் தொடும் முன் ஒவ்வோர் ஆசிரியரின் மொத்தப் பாடவேளைகளையும் ஒவ்வொரு பிரிவின் மொத்தத்தையும் கூட்டிப் பார்த்துவிட வேண்டும். நானும் முதல் இரண்டு ஆண்டுகள் இதைச் செய்யாமல் சிரமப்பட்டவன்தான். இருவருக்கும் ஐந்து பிரிவுகள் வீதம் பிரித்தால் ஆளுக்கு 35 ஆகும். அதுவும் கனமான சுமைதான் என்பதால், அறிவியல் ஆசிரியர்களில் இயற்பியல் படித்தவரும் நேரம் உள்ளவருமான ஒருவர் இருந்தால் ஆறாம் வகுப்பின் ஒரு பிரிவை அவரிடம் கொடுக்க முடியுமா என்று தலைமையாசிரியரைக் கேளுங்கள்.

கூட்டல் சரியாக வந்துவிட்டால் அட்டவணை அமைந்துவிடுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். இதற்குக் கணிதத்திலேயே விடை உண்டு. ஹங்கேரியக் கணித அறிஞர் கோனிக் 1916-இல் நிறுவிய ஒரு தேற்றத்தை நம் கணக்குக்குப் பொருத்தினால், எந்த ஆசிரியருக்கும் எந்தப் பிரிவுக்கும் மொத்தம் 40-ஐத் தாண்டாதவரை, எவரும் எந்த நேரத்திலும் வரத் தயாராக இருந்து, ஒரு பிரிவுக்கு ஒரே நாளில் மூன்று கணிதம் விழுந்தாலும் பாதகமில்லை என்று விட்டுவிட்டால், இடிக்காத அட்டவணை ஒன்று கட்டாயம் இருக்கும் என்பது கிடைக்கிறது. சிக்கல் பிறப்பது அதற்குப் பிறகு. சில ஆசிரியர்கள் சில வேளைகளில் வர இயலாது என்ற ஒரே நிபந்தனையைச் சேர்த்த உடனேயே, எல்லாப் பள்ளிக்கும் விரைந்து விடை தரும் பொதுவழி இன்றுவரை எவருக்கும் அகப்படாத கடினக் கணக்குகளின் வரிசையில் இதுவும் சேர்ந்துவிடுகிறது என்று ஈவன், இத்தாய், ஷமீர் ஆகிய மூவர் 1976-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் காட்டினார்கள். ஆகவே அட்டவணை போடத் திணறுவது உங்கள் திறமைக் குறைவு அன்று.

இதிலிருந்து நடைமுறைக்குக் கிடைக்கும் பாடம், நேரத்தில் கட்டுண்டவர்களை முதலில் உட்கார வைக்க வேண்டும் என்பது. அரசுப் பள்ளிகளில் 2012-இல் நியமிக்கப்பட்ட பகுதிநேரச் சிறப்பாசிரியர்கள் வாரத்துக்கு மூன்று அரைநாள்கள் வரும் ஏற்பாட்டில் பணியமர்த்தப்பட்டவர்கள். அரைநாளுக்கு 4 பாடவேளைகள் என்றால் ஓவிய ஆசிரியருக்கு உள்ளவை 12 கட்டங்கள். 10 பிரிவுகளுக்கும் ஆளுக்கு ஒன்று என்றாலே அவருக்கு அசைய இடமில்லை. ஆனால் நம்மில் பெரும்பாலோர் ‘ஓவியம்தானே, எங்காவது போட்டுக்கொள்ளலாம்’ என்று அவரைக் கடைசியில் வைக்கிறோம். அடுத்து, பள்ளிக்கு ஒன்றே ஒன்றாக இருக்கும் உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தை ஓர் ஆசிரியராகவே கருதி, ஒரே வேளையில் இரண்டு பிரிவுகள் அங்கே போய் நிற்காதபடி தனிப் பட்டியல் போடுங்கள். அறிவியல் செய்முறைக்கு அடுத்தடுத்த இரண்டு பாடவேளைகள் வேண்டுமானால், அவை மதிய இடைவேளையின் இருபுறமும் பிளந்துவிடாமல் இப்போதே இடம் பிடியுங்கள். பிறகு பாடச்சுமை மிகுந்தவர்கள், கடைசியில் நூலகமும் நன்னெறியும். பிரிவுவாரித் தாள், ஆசிரியர்வாரித் தாள் இரண்டையும் ஒருசேர நிரப்பிக்கொண்டே போனால் மோதல் அந்தக் கணமே தெரிந்துவிடும்.

கேள்வி: வகுப்பாசிரியருக்கு நாள்தோறும் அந்த வகுப்பிலேயே முதல் பாடவேளை கொடுக்க வேண்டும் என்பது எங்கள் பள்ளி வழக்கம். இதனால் ஏதேனும் கெடுதல் உண்டா?
– ஆசிரியர், திண்டுக்கல்

பதில்: வருகைப் பதிவேடு ஒரே கையில் இருப்பதற்காக வந்த வழக்கம் இது, காரணம் நியாயமானதே. ஆனால் அதன் விலையைக் கணக்கிட்டுப் பாருங்கள். 8-அ பிரிவின் வகுப்பாசிரியர் ஆங்கிலம் எடுப்பவர் என்றால், அவருடைய 7 பாடவேளைகளில் 5 காலையிலேயே முடிந்துவிடும். அந்தப் பிரிவுக்குக் கணிதம் முதல் பாடவேளையில் ஆண்டு முழுவதும் ஒருநாள்கூட வராது. எட்டாம் பாடவேளையின் களைப்பைச் சுமப்பவை பெரும்பாலும் மற்ற பாடங்களே. போதாக்குறைக்கு, பத்துப் பிரிவுகளிலும் முதல் பாடவேளை முழுவதும் பூட்டப்பட்டு, 400 கட்டங்களில் 50 கட்டங்கள் உங்கள் கையை விட்டுப் போகின்றன. வாரத்தில் மூன்று நாள்கள் மட்டும் வகுப்பாசிரியருக்குக் கொடுத்து, மற்ற இரண்டு நாள்களில் இறைவணக்கக் கூட்டம் முடிந்ததும் அவர் வந்து வருகையைக் குறித்துவிட்டுப் போவது எனக்குப் பழகிய ஏற்பாடு. ஐந்து நிமிடம் போகும், போகட்டும்.

கேள்வி: அட்டவணையைக் கணினியில் போட இலவச மென்பொருள் உண்டா?
– தலைமையாசிரியர், சேலம் மாவட்டம்

பதில்: உண்டு. ‘எஃப்.இ.டி.’ (FET) என்னும் கட்டற்ற மென்பொருள் 2002 முதல் வளர்ந்து வருகிறது. விண்டோஸிலும் லினக்ஸிலும் இயங்கும். பத்துப் பிரிவுகள் அளவுள்ள பள்ளிக்குப் பெரும்பாலும் சில நிமிடங்களில் விடை தந்துவிடும். நிபந்தனைகளை உள்ளிடத்தான் ஒன்றிரண்டு நாள்கள் பிடிக்கும். பகுதிநேர ஆசிரியர் வராத நாள்களை மீறக்கூடாத நிபந்தனையாகக் கொடுங்கள். ‘எனக்குக் கடைசிப் பாடவேளை வேண்டாம்’ என்பது போன்ற விருப்பங்களையெல்லாம் அப்படியே கொடுத்தால் கணினியும் கைவிரித்துவிடும்.

கேள்வி: மழை விடுமுறைகளை ஈடுசெய்யச் சனிக்கிழமை பள்ளி வைக்கும்போதெல்லாம் திங்கட்கிழமை அட்டவணையையே பின்பற்றுகிறார்கள். ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகனுக்கு உடற்கல்வி புதன், வெள்ளி ஆகிய நாள்களில் மட்டுமே. போன புதன்கிழமைகள் போனவைதானா?
– பெற்றோர், கடலூர்

பதில்: உங்கள் கேள்வி முற்றிலும் நியாயமானது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 220 வேலைநாள்களும் 1000 மணி நேரக் கற்பித்தலும் வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் கூறுகிறது. 40 நிமிடப் பாடவேளையாகக் கணக்கிட்டால் அது 1500 பாடவேளைகள். சனிக்கிழமைகளைச் சேர்த்தால் நாள் கணக்கு நேராகிவிடும். எந்தப் பாடம் எத்தனை பாடவேளைகளை இழந்தது என்பது அதில் தெரியாது. விடுமுறை விழுந்தது புதன்கிழமை என்றால், ஈடுசெய்யும் சனிக்கிழமையில் புதன்கிழமை அட்டவணையைப் பின்பற்றுவதே முறை. நாட்காட்டியில் ஒரு குறிப்பு எழுதிவைத்தால் போதும். கல்லூரிகளில் கிழமையை விட்டுவிட்டு ‘டே ஆர்டர்’ என்று முதல் நாள், இரண்டாம் நாள் என எண்ணிக்கொண்டு போவார்கள். விடுமுறைக்குப் பின் விட்ட எண்ணிலிருந்து தொடர்வதால் எந்தப் பாடமும் தனியே அடிபடாது. பள்ளியில் அது எடுபடாததற்குக் காரணம், முன்னே சொன்ன பகுதிநேர ஆசிரியர்கள் கிழமையை வைத்து வருபவர்கள் என்பதே. மேலும், உங்கள் மகனுடைய வெள்ளிக்கிழமை உடற்கல்வியை எவரேனும் கணிதத்துக்குக் ‘கடன்’ வாங்குகிறார்களா என்பதையும் விசாரியுங்கள். திரும்பி வராத கடன் அது.

கேள்வி: யார் விடுப்பு எடுத்தாலும் மாற்று வகுப்பு என் தலையிலேயே விழுகிறது. கேட்டால், ‘உங்களுக்குத்தானே ஓய்வுப் பாடவேளை அதிகம்’ என்கிறார்கள்.
– தமிழாசிரியை, தென்காசி மாவட்டம்

பதில்: ‘ஓய்வுப் பாடவேளை’ என்ற சொல்லே உங்களுக்கு எதிராக வேலை செய்கிறது. மேற்சொன்ன சட்டம் ஆசிரியருக்கு வாரம் குறைந்தது 45 மணி நேரப் பணி என்று வகுக்கும்போது, பாடத்துக்கு ஆயத்தமாகும் நேரத்தையும் அதனுள்ளேயே சேர்த்துச் சொல்கிறது. எனவே வகுப்பில்லாத அந்த நேரத்தில் நீங்கள் கட்டுரை ஏடு திருத்துவதும் பணியே.

இதற்கு ஒரு பதிவேடு வேண்டும்: தேதி, விடுப்பில் உள்ளவர், பாடவேளை, மாற்றாகச் சென்றவர், அவருடைய இந்த மாத மொத்தம். அந்தக் கடைசிப் பத்தி இல்லாத பதிவேட்டால் பயனில்லை. மொத்தம் குறைந்தவரே அடுத்துச் செல்வார் என்று வைத்தால் வாக்குவாதம் பெரும்பாலும் நின்றுவிடும். ஒருவருடைய ஒரு நாளின் வெற்றுக் கட்டங்கள் அனைத்தையும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அதே பிரிவுக்குப் பாடம் எடுப்பவரை முதலில் அனுப்பினால், அவர் தம் பாடத்தை நடத்திவிட்டு, விடுப்பில் இருந்தவர் திரும்பியதும் தம் பாடவேளை ஒன்றை அவருக்குத் திருப்பித் தரலாம். பிள்ளைகளைச் சும்மா அமர வைத்துக் காவல் காக்க வேண்டியதில்லை.

நீண்ட விடுப்பை மட்டும் இந்தப் பதிவேட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. தமிழக அரசுப் பணியில் மகப்பேறு விடுப்பு 2021 முதல் 12 மாதங்கள். அது ஏறத்தாழ ஒரு கல்வியாண்டு. அவ்வளவு காலத்தை நாள்தோறும் மாற்று வகுப்பு போட்டே கடத்துவதாக உங்கள் பள்ளியில் முடிவு செய்திருந்தால், புதிய ஒதுக்கீட்டோடு புதிய அட்டவணை போடும்படி ஆசிரியர் கூட்டத்தில் எழுத்து மூலமாகவே கேளுங்கள்.