டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டும் ரத்தசோகை, லோ பிபி ஏன்?

டெஸ்டோஸ்டிரோன் சிகிச்சையின்போது ஹீமோகுளோபின் குறைகிறது, எழுந்தால் தலை சுற்றுகிறது, மருந்துதான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் இல்லை. இந்த ஹார்மோன், இரும்பு ரத்தத்தில் சேர்வதைத் தடுக்கும் ஹெப்சிடின் என்ற புரதத்தைக் குறைத்து இரும்புச்சத்துக்கு வழிவிடும். சிவப்பணு கூடுவதுதான் வழக்கம். ஹெமட்டோகிரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, 54 சதவீதத்தைத் தாண்டினால் மருந்தையே நிறுத்தி வைப்பார்கள்.

அதற்குப் பயந்து அடிக்கடி ரத்தம் கொடுப்பவரா நீங்கள்? அப்படியென்றால் முதல் சந்தேகம் அங்கேதான். ஒவ்வொரு முறையும் சுமார் 200 மில்லிகிராம் இரும்பு போய்விடும். உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை பாருங்கள். இரும்பு மாத்திரை சாப்பிடாமலே மலம் கறுத்தால் குடலில் ரத்தக்கசிவு இருக்கலாம், உடனே மருத்துவரிடம் போங்கள்.

லோ பிபிக்கு, ஏற்கெனவே சாப்பிடும் பிரஷர் மாத்திரையும் காரணமாகலாம். அப்புறம், பிட்யூட்டரி (மூளையடியில் உள்ள ஹார்மோன் சுரப்பி) கோளாறால் டெஸ்டோஸ்டிரோன் குறைந்தவர் என்றால், குறைந்தால் பிபியை இறக்கும் கார்டிசோல் ஹார்மோனையும் காலை நேரத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.