பழைய தோட்டாவுக்குப் புதிய மருந்து இடலாமா?

வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: ஏற்காட்டில் எங்களுக்குக் காபித் தோட்டம் இருக்கிறது. தாத்தா வைத்திருந்த .375 வேட்டை ரைஃபிள் இப்போது அப்பாவின் பெயரில், முறையான உரிமத்துடன் உள்ளது. அதற்கான பழைய பிரிட்டிஷ் தோட்டாக்களும், சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளும் உரக்கிடங்கை ஒட்டிய அறையில் நெடுங்காலமாகக் கிடக்கின்றன. அமெரிக்காவில் வசிக்கும் என் சித்தப்பா மகன் வீட்டிலேயே தன் தோட்டாக்களுக்கு மருந்து நிரப்பிக்கொள்கிறான். எங்கள் கூடுகளையும் அவ்வாறு பயன்படுத்த முடியுமா?
- வாசகர், ஏற்காடு

பதில்: கூடாது. சட்டம் அதற்கு இடம் தரவில்லை. ஒருவேளை இடம் தந்திருந்தாலும், உரக்கிடங்கின் அருகே கிடந்த கூடுகளுக்கு வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். இரண்டாவது காரணம் பலருக்கும் தெரியாதது என்பதால் அதை முதலில் விளக்குகிறேன்.

தோட்டா என்பது பித்தளைக் கூடு, அதன் அடியில் தீ மூட்டும் சிறிய கேப், உள்ளே வெடிமருந்து, வாயில் குண்டு ஆகிய நான்கும் சேர்ந்தது. சுடும்போது குண்டு பறந்துவிடுகிறது, மருந்து எரிந்துவிடுகிறது, கேப்பும் தீர்ந்துவிடுகிறது. மிஞ்சுவது கூடு ஒன்றுதான். அந்தக் கூட்டைத்தான் உங்கள் சித்தப்பா மகன் போன்றவர்கள் மறுபடி பயன்படுத்துகிறார்கள். செலவு குறையும், தங்கள் துப்பாக்கிக்குப் பொருத்தமாக அளவைச் சீராக்கலாம், கடையில் கிடைக்காத பழைய ரகங்களுக்கும் வழி பிறக்கும் என்பதால் அமெரிக்காவில் இது பரவலாக நடக்கிறது. அங்கே வழக்கத்தில் உள்ள பாக்ஸர் வகைக் கூட்டில், கேப்பின் தீ உள்ளே செல்லும் துளை நடுவில் ஒன்றே ஒன்றாக இருப்பதால், தீர்ந்த கேப்பை ஓர் ஊசியால் எளிதாகத் தள்ளி வெளியேற்றிவிடலாம். பழைய பிரிட்டிஷ் தோட்டாக்களில் பெருவாரியாகக் காணப்படும் பெர்டன் வகையில் பக்கவாட்டில் இரு சிறு துளைகள் இருப்பதால் அது அவ்வளவு எளிதன்று. இந்த வகைகளைக் கண்டுபிடித்தவர்களில் பாக்ஸர் ஆங்கிலேயர், பெர்டன் அமெரிக்கர். ஆயினும் அவரவர் முறை மற்றவர் நாட்டில் வேரூன்றியது வியப்பான செய்தி.

இனி, கூட்டின் வலிமையைப் பார்ப்போம். .375 போன்ற ரைஃபிளில் மருந்து எரியும் கணத்தில் எழும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 4000 மடங்கு. அப்போது பித்தளை விரிந்து, துப்பாக்கிக் குழலில் தோட்டா அமரும் அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்வதால்தான் கொதிக்கும் வாயு சுடுபவரின் முகத்தை நோக்கிப் பின்வாங்காமல் இருக்கிறது. தோட்டாக் கூட்டின் பித்தளையில் சுமார் 70 விழுக்காடு செம்பும் 30 விழுக்காடு துத்தநாகமும் உண்டு. இந்தக் கலவைக்கு அம்மோனியா பெரும் பகை. 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் படையினர் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்கள், யாரும் தொடாமலேயே கழுத்துப் பகுதியில் விரிசல் கண்டன. குதிரைச் சிறுநீரிலிருந்து கிளம்பிய அம்மோனியாவும், ஈரக்காற்றும், பித்தளையைக் குளிர்நிலையில் இழுத்து அழுத்திக் கூடாக உருவாக்கும்போது உலோகத்தில் தங்கிவிட்ட இறுக்கமும் சேர்ந்தே அந்த விரிசலை உண்டாக்கின என்பது 1921இல்தான் தெளிவாக விளக்கப்பட்டது. யூரியாவும் அம்மோனியம் சல்பேட்டும் தொழு உரமும் அடுக்கிய கிடங்கை ஒட்டி, சேர்வராயன் மலையின் மூடுபனியில் கிடந்த உங்கள் கூடுகளுக்கும் ஏறக்குறைய அதே சூழல்தான் வாய்த்திருக்கிறது. விரிசல் மயிரிழையாக இருந்தால் கண்ணுக்குப் படாது. பளபளவென்று தேய்த்து வைத்தாலும் மறையாது, ஆறாது.

சுடப்படாத பழைய தோட்டாக்களிலும் ஆபத்து உண்டு. அக்காலப் பிரிட்டிஷ் தோட்டாக்களில் பெரும்பாலும் கார்டைட் என்ற மருந்து இருக்கும். நம் நீலகிரியில் அருவங்காடு தொழிற்சாலை தொடங்கப்பட்டதே அதைத் தயாரிப்பதற்காகத்தான். நைட்ரோ செல்லுலோஸ் கலந்த இவ்வகை மருந்துகள் ஆண்டுகள் செல்லச் செல்லத் தாமாகவே சிதைகின்றன. வெப்பம் கூடினால் சிதைவும் விரைவாகும். ஆகவே அவற்றைச் சுட்டுப் பார்க்கவோ, குண்டைப் பிடுங்கி மருந்தை வெளியே கொட்டவோ வேண்டாம்.

சட்டத்தைப் பொறுத்தவரை, 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி தோட்டா தயாரிக்கத் தனி உரிமம் வேண்டும். உங்கள் தந்தையின் உரிமம் துப்பாக்கியையும் அதில் குறித்த அளவு தோட்டாக்களையும் வைத்திருப்பதற்கு மட்டுமே. தோட்டாவின் பாகங்களும் அதைத் தயாரிக்கும் எந்திரமும்கூட அச்சட்டத்தின் பார்வையில் தோட்டா வகையையே சேர்ந்தவை என்பதால், சித்தப்பா மகன் அன்போடு ஒரு கருவியைப் பெட்டியில் வைத்து அனுப்பினாலும் வாங்காதீர்கள். உரிமமின்றித் தயாரிப்பதற்கான தண்டனை 2019 திருத்தத்திற்குப் பிறகு குறைந்தது ஏழு ஆண்டுகள். ஆயுள் தண்டனை வரையிலும் போகலாம்.

கேள்வி: உரிமம் வைத்திருந்த என் தந்தையார் அண்மையில் காலமானார். அவருடைய ரைஃபிளும் சில தோட்டாக்களும் வீட்டு அலமாரியில் உள்ளன. காரியங்கள் முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று உறவினர்கள் சொல்கிறார்கள்.
- வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: உங்கள் துயரத்தில் பங்குகொள்கிறேன். ஆனால் இதைத் தள்ளிப்போட வேண்டாம். உரிமம் அவருடைய பெயருக்கு உரியது. அவர் மறைந்தபின் துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்கும் உரிமை உங்களுக்குத் தானாக வந்துவிடாது. ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி, தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கி வணிகரிடமோ ஒப்படைத்து ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். வாரிசு என்ற முறையில் உங்கள் பெயரில் உரிமம் கோரி விண்ணப்பிக்க அதன்பிறகும் வழி உண்டு. தோட்டாக்களின் எண்ணிக்கையை எழுதி, அதற்கும் கையொப்பம் வாங்குங்கள். எடுத்துச் செல்வதற்கு முன் காவல் நிலையத்தில் தகவல் சொல்லி, எப்படிக் கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

கேள்வி: வேண்டாத பழைய தோட்டாக்களைக் கிணற்றில் போட்டுவிடலாமா?
- வாசகர், ஓமலூர்

பதில்: போடாதீர்கள். தூர்வாரும்போது விவரம் அறியாத தொழிலாளி ஒருவர் கையில் அவை அகப்படும். தீயிலும் இடக்கூடாது. மேலே சொன்னபடி ஒப்படைப்பதே முறை.