ஆடு மேய்ந்தால் காடு எரியாதா?

காட்டுத்தீயைத் தடுப்பதில் மேய்ச்சலுக்கு உள்ள பங்கைப் பற்றியும், அதைக் குறித்துக் கால்நடை வளர்ப்போர் என்ன கருதுகிறார்கள் என்பதைப் பற்றியும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறேன்.

கேள்வி: தென் ஐரோப்பாவில் பெருந்தீ மூளும் கோடைகளில், “மலையில் மந்தை இல்லாமல் போனதால்தான் காடு எரிகிறது” என்று கால்நடை வளர்ப்போர் சொல்வதாகச் செய்திகளில் படிக்கிறேன். இது உண்மைதானா, அல்லது மானியம் கேட்பதற்காகச் சொல்லும் காரணமா?

பதில்: அவர்கள் மானியம் கேட்பது உண்மைதான்; அதனால் அவர்கள் சொல்லும் காரணம் பொய்யாகிவிடாது. ஸ்பெயின், போர்ச்சுகல், இத்தாலி, கிரீஸ் ஆகிய நாடுகளின் மலைக் கிராமங்களிலிருந்து கடந்த நூற்றாண்டின் பிற்பகுதி முழுவதும் மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்துகொண்டே இருந்தார்கள். அவர்கள் உழுத அடுக்கு வயல்கள் தரிசாகிவிட்டன, அடுப்புக்கு எரிவாயு வந்ததும் விறகு வெட்டுவது நின்றுபோனது, ஆடுகள் மேய்ந்த சரிவுகளில் புதர் மண்டியது. முன்பு வயலும் மேய்ச்சல் நிலமும் இடையிடையே இருந்து தீயின் ஓட்டத்தை அறுத்துக்கொண்டிருந்தன. இன்று அதே சரிவுகள் இடைவெளியே இல்லாமல் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. 2017 ஜூனில் 66 உயிர்களைப் பலி கொண்ட போர்ச்சுகலின் பெட்ரோகாவ் கிராண்டே தீயும், 2025 ஆகஸ்டில் ஸ்பெயினின் வடமேற்குப் பகுதியைச் சூறையாடிய தீயும் இப்படி ஆள் குறைந்துபோன உள்நாட்டுப் பகுதிகளில் எரிந்தவையே. ஸ்பெயினில் அந்த ஓராண்டில் மட்டும் 3 லட்சம் ஹெக்டேருக்கும் மேற்பட்ட நிலம் எரிந்தது.

ஆனால் மந்தை குறைந்தது மட்டுமே காரணம் என்று யாராவது சொன்னால் அதை ஏற்பதற்கில்லை. நீண்ட வறட்சி, வெப்ப அலை, பலத்த காற்று, வரிசை வரிசையாக நடப்பட்ட பைன், யூகலிப்டஸ் தோப்புகள் ஆகிய எல்லாம் சேர்ந்துதான் பெருந்தீ உருவாகிறது. தீயை வளர்ப்பவற்றுள் மனிதன் ஒரே பருவத்தில் கைவைத்துக் குறைக்கக்கூடியது, தரையில் கிடக்கும் புல், சருகு, புதர் ஆகிய எரிபொருள் ஒன்றுதான் என்பதால், கால்நடை வளர்ப்போரின் பேச்சைத் தட்டிக்கழிக்க முடியாது.

கேள்வி: ஆடுகள் மேய்வதால் தீ எப்படிக் குறைகிறது? எந்தக் கால்நடை இதற்கு ஏற்றது?

பதில்: காட்டுத்தீ பெரும்பாலும் தரையில் உள்ள காய்ந்த புல்லிலும் சருகிலும் பற்றுகிறது, அங்கிருந்து புதரில் ஏறி, புதரிலிருந்து மரத்தின் தாழ்ந்த கிளைக்குத் தாவி, கடைசியில் உச்சிக்குப் போய்விடுகிறது. உச்சியைப் பிடித்த தீயை மனிதரால் நேருக்கு நேர் நின்று அணைக்க முடியாது. தீச்சுடரின் நீளம் சுமார் 4 அடிக்குள் இருக்கும்வரை, கைக்கருவிகளோடு வீரர்கள் அருகே சென்று அணைக்கலாம் என்பது தீயணைப்புத் துறையினர் கடைப்பிடிக்கும் பொதுவான அளவுகோல். மேய்ச்சலின் வேலை தீயே வராமல் செய்வது அன்று. வருகிற தீயை அந்த 4 அடிக்குள் அடக்கி, ஆட்கள் நின்று வேலை செய்ய இடம் உண்டாக்குவதே.

வெள்ளாடு பின்னங்கால்களில் எழுந்து நின்று, முன்னங்கால்களைக் கிளையில் ஊன்றி, ஆள் உயரத் தழையையும் இழுத்துத் தின்னும். ஆகவே புதருக்கும் மரத்துக்கும் இடையே உள்ள தொடர்பை அறுப்பதற்கு அதைவிடப் பொருத்தமான கால்நடை இல்லை. செம்மறி புல்லை ஒட்ட மேயும். மாடு உயரமான முரட்டுப் புல்லைத் தின்பதோடு, நடக்கும் வழியெல்லாம் சருகை மிதித்து மண்ணோடு அழுத்திவிடுகிறது. கலிபோர்னியாவில் மட்டும் 2017ஆம் ஆண்டு மாடுகள் மேய்ந்து அகற்றிய புல்பூண்டு 50 லட்சம் டன்னுக்கும் மேல் என்று அம்மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஸ்பெயினில் கழுதைகளையும் தீத்தடுப்புக் கோடுகளில், அதாவது தீ தாவாதபடி செடிகொடி அகற்றி வைக்கும் நீண்ட பட்டைகளில், மேயவிடுகிறார்கள்.

காலம் தவறினால் இவற்றால் பயன் இல்லை. புல் காய்ந்து, புதர் முற்றி முரடாவதற்கு முன், வசந்தத்திலும் கோடையின் தொடக்கத்திலும் மேய்ந்தாக வேண்டும். 2019 மே மாதத்தில் கலிபோர்னியாவின் சிமி வேலியில் உள்ள ரீகன் நினைவு நூலகம் 500 வெள்ளாடுகளை வாடகைக்கு அமர்த்திச் சுற்றியிருந்த சுமார் 13 ஏக்கர் புதரை மேயவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் தீ அந்த மலையைச் சூழ்ந்தபோது, மேய்ந்து வெளுத்த அந்தப் பட்டையில்தான் வீரர்கள் நின்று கட்டடத்தைக் காத்தார்கள்.

கேள்வி: காட்டைக் காக்கும் இந்த வேலையைச் செய்ய மேய்ப்பவர்கள் ஆர்வமாக இருக்கிறார்களா? அவர்களுக்குக் கூலி கிடைக்கிறதா?

பதில்: இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியில் இருந்து பேசுவோர் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான். தீயணைப்புத் துறைக்கு வேண்டியது புதர் அடிவரை தின்னப்பட வேண்டும் என்பது. மேய்ப்பவருக்கு வேண்டியது ஆடு உடம்பு பிடிக்க வேண்டும், மடி நிறைய வேண்டும், குட்டி நல்ல விலைக்குப் போக வேண்டும் என்பது. இரண்டும் ஒரே மந்தையின் வாயால் நடக்க வேண்டியிருந்தாலும், இரண்டும் ஒன்றல்ல. ஆட்டை அதன் போக்கில் விட்டால் கொழுந்தைத் தேடித் தேடிக் கடித்துவிட்டு அடுத்த சரிவுக்குப் போய்விடும். முரட்டுப் புதரைத் தின்னவைக்க வேண்டுமானால் மின்வேலி கட்டிச் சிறு துண்டாக அடைக்க வேண்டும், அல்லது மேய்ப்பவர் நாயோடு கூடவே நின்று திருப்பித் திருப்பி அதே இடத்தில் மேய்க்க வேண்டும். அப்படி அடைத்து மேய்த்தால் பால் குறைகிறது, எடை குறைகிறது. அந்த இழப்பை ஈடுகட்டத் தீவனம் வாங்கிப் போட வேண்டும். தீத்தடுப்புக் கோடுகளோ பெரும்பாலும் முகட்டின்மீது, தண்ணீர் இல்லாத இடத்தில், பட்டியிலிருந்து வெகு தொலைவில் போகின்றன. தண்ணீர்த் தொட்டியையும் உப்புக்கட்டியையும் அந்த முகட்டுக்கே கொண்டுபோய் வைத்தால்தான் மந்தை அங்கே தங்கும். அந்தத் தண்ணீரை வண்டியில் ஏற்றிச் செல்பவரும் மேய்ப்பவரே.

ஆகவே கால்நடை வளர்ப்போர் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: இதை நாங்கள் செய்யும் வேலையாகப் பாருங்கள், எங்கள் ஆடுகள் வயிறு நிரப்பிக்கொள்வதற்கு நீங்கள் தரும் அனுமதியாகப் பார்க்காதீர்கள். இந்தக் கோரிக்கை முழுக்க நியாயமானது என்பதே என் கருத்து. எந்திரத்தை வைத்துப் புதர் வெட்டினால் ஹெக்டேருக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டுக் கூலி தருகிற அரசு, அதே நிலத்தை ஆடு சுத்தம் செய்தால் மட்டும் இலவசமாக எதிர்பார்ப்பது எந்த வகையிலும் முறையாகாது.

இதை முதலில் உணர்ந்து முறைப்படுத்திய இடங்களுள் ஸ்பெயினின் ஆண்டலூசியா முக்கியமானது. அங்கே இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் பத்தாண்டிலேயே தீத்தடுப்புக் கோடுகளை மேய்ப்பவர்களிடம் ஒப்படைக்கும் திட்டம் தொடங்கப்பட்டது. சரிவு எவ்வளவு, புதரின் தன்மை என்ன, பட்டியிலிருந்து தொலைவு எவ்வளவு என்ற மூன்றையும் பார்த்து ஹெக்டேருக்குச் சுமார் 42 யூரோ முதல் 90 யூரோ வரை ஊதியம் நிர்ணயித்தார்கள். பருவ முடிவில் அலுவலர்கள் நேரில் வந்து எவ்வளவு மேயப்பட்டிருக்கிறது என்று பார்ப்பார்கள். குறைவாக மேய்ந்திருந்தால் தொகையும் குறையும். சும்மா தரும் உதவித்தொகையாக இல்லாமல், செய்த வேலைக்கு அளந்து தரும் ஊதியமாக இது இருப்பது மேய்ப்பவர்களுக்கு ஒரு மதிப்பைத் தருகிறது. எனினும், பல ஆண்டு நீடிக்கும் ஒப்பந்தம் இல்லாவிட்டால் இதை நம்பி மந்தையைப் பெருக்க முடியாது என்ற குறை நியாயமாகவே எழுகிறது.

ஸ்பெயினின் வடகிழக்கில் உள்ள கட்டலோனியாவில் வேறொரு வழியைக் கண்டிருக்கிறார்கள். தீயணைப்புத் துறையினர் தீ பரவக்கூடிய முக்கியமான இடங்களைக் குறித்துக் கொடுக்கிறார்கள். அங்கே மேய்ந்த மந்தையின் இறைச்சியும் பாலாடைக்கட்டியும் “தீ மந்தைகள்” என்று பொருள்படும் முத்திரையோடு விற்பனைக்கு வருகின்றன. இதை நடத்துவது, 2009ஆம் ஆண்டு காட்டுத்தீயில் உயிரிழந்த தீயணைப்பு வீரர் பாவ் கோஸ்டாவின் பெயரால் அமைந்த அறக்கட்டளை. காட்டைக் காத்த செலவில் ஒரு பங்கை வாங்குவோரும் ஏற்றுக்கொள்கிறார்கள் என்பது இதில் நல்ல அம்சம்.

இன்னொரு மனக்குறையையும் சொல்லியாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் வேளாண் உதவித்தொகை நிலப்பரப்பை வைத்துக் கணக்கிடப்படுகிறது. மரமும் புதரும் அடர்ந்த நிலத்தில் ஒரு பகுதியை மேய்ச்சல் நிலம் அல்ல என்று கழித்துவிடுவதால், தீ ஆபத்து மிகுந்த இடத்தில் மேய்ப்பவருக்குத்தான் தொகை குறைகிறது. ஒரு துறை புதரில் மேய்க்கச் சொல்கிறது, மற்றொரு துறை புதர் இருப்பதற்காகத் தண்டிக்கிறது என்று ஸ்பெயின் மேய்ப்பவர்கள் கொதிப்பதை யாரால் குறை சொல்ல முடியும்?

கேள்வி: மேய்ச்சலுக்காகக் காட்டுக்குத் தீ வைப்பதே கால்நடை வளர்ப்போர்தானே? அவர்களையே காவலுக்கு வைப்பது சரியா?

பதில்: புதிய புல் தளிர்ப்பதற்காகப் புதரைக் கொளுத்தும் வழக்கம் வடக்கு ஸ்பெயின், கோர்சிகா, சார்டினியா முதலிய பல இடங்களில் உண்டு, அப்படி வைத்த தீ கைமீறிப் போனதும் உண்டு. அதை மறைப்பதில் பயன் இல்லை. ஆனால் கொளுத்துவதை வெறும் குற்றமாக்கிவிட்டால், காற்றும் ஈரமும் பார்த்துப் பலர் கூடிப் பகலில் செய்த வேலை, ஒருவர் யாருக்கும் தெரியாமல் இருட்டில் வைத்துவிட்டு ஓடுகிற தீயாக மாறிவிடுகிறது. பிரான்சின் பிரனீஸ் மலைப்பகுதியில் மேய்ப்பவர்களும் தீயணைப்பு வீரர்களும் வன அலுவலர்களும் உட்கார்ந்து பேசி, குளிர்காலத்தில் திட்டமிட்டுக் கொளுத்தும் முறை நடைமுறையில் இருக்கிறது. சந்தேகப்பட்டு விலக்கிவைப்பதைவிட இதுவே நல்ல வழி.

கேள்வி: மேய்ச்சலால் தீ குறையவில்லை என்று காட்டிய ஆய்வுகள் உண்டா?

பதில்: உண்டு, மேய்ச்சலை ஆதரிப்போர் அதைக் கட்டாயம் படிக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் மலை மாட்டுக்காரர்கள் “மேய்ச்சல் தீயைக் குறைக்கும்” என்ற முழக்கத்தோடு நெடுங்காலம் போராடினார்கள். 2003ஆம் ஆண்டின் பெருந்தீக்குப் பிறகு போகாங் மேட்டுநிலத்தில் ஆய்வாளர்கள் மாடு மேய்ந்த இடங்களையும் மேயாத இடங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, எரிந்த அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அங்கே எளிதில் எரிந்தவை குறும்புதர்கள். மாடுகளோ அவற்றை விட்டுவிட்டுப் புல்லை மேய்ந்தன. 2005இல் அந்த மேட்டுநிலம் அடங்கிய ஆல்பைன் தேசியப் பூங்காவில் மேய்ச்சல் நிறுத்தப்பட்டது. 2011இல் சோதனை என்ற பெயரில் மீண்டும் மாடுகளை ஏற்றினார்கள், அதுவும் நிலைக்கவில்லை. மேய்ச்சல் என்று பொதுவாகப் பேசுவதில் பொருள் இல்லை. எந்த விலங்கு, எந்தச் செடி, எந்த மாதம் என்று கேட்டால்தான் பதில் கிடைக்கும். உண்ணிச்செடி (லாண்டானா) மண்டிய இடத்தில் ஆடுமாடுகளை விட்டுத் தீயைக் குறைக்க நினைத்தால், அந்தச் செடியின் நஞ்சு கால்நடைகளைக் கொல்லவும்கூடும். அங்கே வேரோடு அகற்றுவது போன்ற வேறு வழிகளைத்தான் நாட வேண்டும்.

கேள்வி: வெள்ளாடு இளங்கன்றுகளைத் தின்று காட்டை அழித்துவிடாதா?

பதில்: கட்டுப்பாடில்லாமல் விட்டால் அழிக்கும். தீ எரிந்த நிலத்தில் மரக்கன்று தலையெடுக்கும் வரையிலும், செங்குத்துச் சரிவில் மண் அரிக்கும் இடங்களிலும் மந்தையை ஒதுக்கிவைப்பதே முறை. காடு முழுவதையும் மேய்க்கத் தேவையில்லை. ஊரைச் சுற்றிய பட்டை, சாலையோரம், முகட்டுக் கோடு ஆகியவை போதும்.

கேள்வி: இளைஞர்கள் மேய்ச்சலுக்கு வருவதில்லை என்கிறார்கள். கழுத்துப்பட்டையில் ஜி.பி.எஸ். கருவி கட்டி, மேய்ப்பவர் இல்லாமலே மந்தையை நடத்த முடியுமாமே?

பதில்: ஓரளவு முடியும். நார்வேயில் உருவாக்கப்பட்ட இத்தகைய கழுத்துப்பட்டைகள் எல்லையை நெருங்கும் ஆட்டுக்கு முதலில் ஒலியால் எச்சரிக்கை தரும். மீறினால் சிறு மின்னதிர்ச்சி கொடுக்கும். பாறைச் சரிவில் கம்பம் நட்டு வேலி இழுக்கும் பாடு இதனால் குறையும் என்பதில் மேய்ப்பவர்களுக்கும் மகிழ்ச்சிதான்.

ஆனால் ஆள் தட்டுப்பாட்டுக்கு இது விடையாகாது. கலிபோர்னியாவில் 2023ஆம் ஆண்டு, வெள்ளாடு மேய்ப்பவர்களின் மாதக் குறைந்தபட்ச ஊதியம் 3,730 டாலரிலிருந்து சுமார் 14,000 டாலராக உயரக்கூடும் என்ற நிலை வந்தபோது, தொழிலையே மூட வேண்டியிருக்கும் என்று மந்தை உரிமையாளர்கள் முறையிட்டார்கள். இரவும் பகலும் மலையிலேயே தங்கி மந்தையைக் காப்பவருக்கு மணிக்கணக்கில் கூலி போட்டால் எவ்வளவு ஆகும் என்பதை அந்த எண்ணே காட்டுகிறது. அந்த உழைப்பு இதுவரை எவ்வளவு மலிவாகக் கொள்ளப்பட்டது என்பதையும் அதே எண் காட்டுகிறது. ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் 1997 முதல் மேய்ப்பவர்களுக்கென்றே ஒரு பள்ளி நடக்கிறது. பிரான்சில் இத்தகைய பள்ளி இன்னும் பழமையானது. அங்கே பயில்பவர்களில் மேய்ச்சல் குடும்பத்தைச் சேராத நகர இளைஞர்களும் இருக்கிறார்கள். படித்து முடித்தவர்களுக்கு நிலமும் பட்டியும் ஐந்தாறு ஆண்டுக்காவது உறுதியான ஒப்பந்தமும் கிடைத்தால் அவர்கள் மலையில் தங்குவார்கள். அவர்கள் அங்கே இருக்கும்போது கழுத்துப்பட்டை நல்ல துணைக்கருவி. மந்தையில் ஓர் ஆடு குட்டி ஈனத் திணறும் இரவிலும், ஓநாய் வரும் இரவிலும், கால் நொண்டும் ஆட்டின் குளம்பில் தைத்த முள்ளைப் பிடுங்க வேண்டியிருக்கும்போதும் மலையில் ஓர் ஆள் இருந்தே ஆக வேண்டும்.