தாத்தா பெயர் 1931 கணக்கெடுப்பில் இருந்தாலும் வழக்குக்கு உதவாது

கேள்வி: பட்டுக்கோட்டை அருகே எங்கள் பாட்டன் சொத்து மூன்றரை ஏக்கர், தாத்தாவின் அண்ணன் பேரன்களிடம் இருக்கிறது. 2015 ஆவணியில் நான் பங்கு கேட்டபோது, "உன் தாத்தா இந்த வீட்டில் சோறு தின்று வளர்ந்தவர், வீட்டுப் பிள்ளை இல்லை" என்று ஊரார் முன்னிலையில் அவமானப்படுத்தினார்கள். கோயில் முதல் மரியாதையையும் நிறுத்திவிட்டார்கள். லண்டனில் என் நண்பர் 1921 கணக்கெடுப்பில் தன் கொள்ளுத்தாத்தாவின் குடும்பத்தையே கண்டுபிடித்தார். அதுபோல 1931 கணக்கெடுப்பில் எங்கள் வீட்டுப் பதிவை எடுக்க வழி என்ன? ஒருவர் 25,000 ரூபாய்க்கு நகல் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். அரை ஏக்கர் தருவதாகப் பங்காளிகள் சொன்னதை மானம் கருதி மறுத்துவிட்டேன்.

பதில்: முதல் மரியாதையையும் அவர்கள் பேசிய பேச்சையும் ஒதுக்கிவையுங்கள். உங்கள் கடிதத்தில் சட்டத்துக்குத் தேவையான சொல் ஒன்றுதான்: 2015 ஆவணி.

கணக்கெடுப்பை முதலில் முடித்துவிடுகிறேன். இங்கிலாந்தில் நூறு ஆண்டு கழித்துத் திறக்கிறார்கள், அமெரிக்காவில் 72 ஆண்டு. நம் 1948 கணக்கெடுப்புச் சட்டத்தின் 15வது பிரிவில் அப்படி ஒரு கெடுவே கிடையாது. பதிவைப் பார்க்க எவருக்கும் உரிமை இல்லை. சிவில் வழக்கில் அது சாட்சியமாகவும் ஏற்கப்படாது. 1931க்கு 1948 சட்டம் பொருந்துமா, தகவல் அறியும் உரிமைச் சட்டம் இதை மீறி நிற்குமா என்றெல்லாம் வாதாடலாம்தான். வாதாடி வென்றாலும் கையில் வாங்கக் காகிதம் வேண்டுமே! பெயர் எழுதிய சீட்டுகளை அட்டவணை போட்டதும் அழித்துவிடுவதே இங்கு வழக்கம். நூலகத்தில் கிடைக்கும் 1931 தொகுதிகளில் தலைக்கணக்கு இருக்கும், உங்கள் தாத்தா இருக்கமாட்டார்.

அப்படியானால் அந்த 25,000 ரூபாய் நகல் எங்கிருந்து வருகிறது? என்னிடம் ஒரு கட்சிக்காரர் இப்படி ஒன்றைக் கொண்டுவந்தார். பழுப்பேறிய தாள், வட்ட முத்திரை, '1931' என்று தலைப்பு, அதன்கீழே 'நாகப்பட்டினம் மாவட்டம்'. அந்த மாவட்டம் 1991இல் பிறந்தது. 1931இல் அது தஞ்சாவூர் ஜில்லா. எதிர்த்தரப்பு வக்கீலுக்கு இதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். பொது ஆவணத்தைப் போலியாகத் தயாரித்தால், இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 337வது பிரிவில் ஏழாண்டு வரை சிறை. போலி என்று தெரிந்தே, அல்லது அப்படி நம்பக் காரணம் இருந்தும், அதைத் தாக்கல் செய்பவருக்கு 340வது பிரிவு. "தரகர் கொடுத்தார், எனக்குத் தெரியாது" என்பது இனி உங்கள் வாயில் எடுபடாது. சீட்டே இல்லை என்று நான் சொல்லிவிட்டேன்.

இதைவிடப் பெரிய பள்ளம் காலவரம்பு. கூட்டுக் குடும்பச் சொத்திலிருந்து விலக்கப்பட்டவர், அது தெரிந்த நாளிலிருந்து 12 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். காலவரம்புச் சட்டம், 110வது இனம். உங்கள் கணக்கு 2027 ஆவணியில் முடிகிறது. கணக்கெடுப்புப் பதிவு கேட்டு, இந்தக் கடிதத்தின் வாசகத்தோடு எத்தனை அலுவலகங்களுக்கு மனு அனுப்பியிருக்கிறீர்கள்? ஒவ்வொன்றும் '2015இலேயே தெரியும்' என்று நீங்களே எழுதிக் கொடுத்த ஒப்புதல். ஆவணக் காப்பகத்துக்கும் தகவல் ஆணையத்துக்கும் அலைந்து, கடைசியில் நல்ல ஆதாரத்தோடு காலம் கடந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பங்காளிகளோடு பேச்சு நடக்கிறது என்பதற்காகவும் காலம் நிற்காது.

தாத்தா அந்த வீட்டுப் பிள்ளை என்று காட்டக் கணக்கெடுப்பு தேவையே இல்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் பழைய பத்திரங்களின் பெயர் அட்டவணையைத் தேடச் சொல்லுங்கள். அண்ணனும் தம்பியும் சேர்ந்து எழுதிக் கொடுத்த ஓர் அடமானப் பத்திரம், அதில் இருவருக்கும் ஒரே தகப்பன் பெயரோடு 'குமாரர்கள்' என்று ஒரு வரி. அது போதும். தகராறு தொடங்கும் முன் எழுதப்பட்டது என்பதுதான் அதன் பலம். பழைய கல்யாணப் பத்திரிகையையும் தள்ளிவிடாதீர்கள். உறவு தெரிந்த வயதான அத்தை யாராவது உயிரோடு இருந்தால் அவசரம் இன்னும் கூடும். அவர் சாட்சியத்தை முன்கூட்டியே பதிவு செய்யக் கேட்பதும் வழக்குத் தாக்கலான பிறகுதான் முடியும்.

இனி அந்த அரை ஏக்கர். வழக்கில் முழுதாக வென்றாலும் உங்கள் தாத்தாவின் பாதி, ஒன்றேமுக்கால் ஏக்கர். அதிலும் உங்கள் அப்பாவுடன் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று நீங்கள் எழுதவில்லை. அப்பாவையும் சேர்த்து மூன்று பேர் என்றால் உங்கள் கிளைக்கு ஏறக்குறைய 58 சென்ட், அதுவும் மேல்முறையீடெல்லாம் முடிந்த பிறகு. இன்று தருகிற 50 சென்டை வாங்கிக்கொள்ளுங்கள். ஊர்ப் பெரியவர்கள் முன் எழுதும் முச்சலிக்கா, அதாவது உடன்பாட்டுச் சீட்டு, வேண்டாம். முத்திரைத்தாளில், பதிவு செய்த பத்திரமாக, நான்கெல்லையோடு. பத்திர முகப்பில் 'எங்கள் பாட்டனாரின் தம்பி வாரிசு' என்று எழுதச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். மறுத்தால் அந்த வரிக்காகப் பேரத்தை முறிக்க வேண்டாம். 2027 சித்திரைக்குள் பதிவு நடக்கவில்லை என்றால் வைகாசியில் பாகப்பிரிவினை வழக்கைத் தாக்கல் செய்துவிடுங்கள்.